பிக்கப் போன பழைய ஆட்டோமேட்டிக்: ஐ10-உம் செலேரியோவும்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன ஆட்டோமேட்டிக் கார் இழுவை இழந்துவிட்டால் நம் ஊரில் முதலில் காதில் விழும் தீர்ப்பு, ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்பதுதான். வண்டியைப் பார்க்கும் முன்பே, சில சமயம் தொலைபேசியிலேயே அது சொல்லப்படுகிறது. ஆட்டோமேட்டிக் என்றாலே புரியாத பெட்டி என்ற பயம் மெக்கானிக்குக்கும் இருக்கிறது, உரிமையாளருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர் உரிமையாளர். பழைய சின்ன காரின் மறுவிற்பனை மதிப்பில் பெரும்பகுதியை விழுங்கும் கியர்பாக்ஸ் வேலையைச் செய்துவிட்டு, அதன்பிறகும் அதே மந்தத்தோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. கடைசியில் ஸ்பார்க் பிளக்கோ அடைபட்ட சைலன்ஸரோ காரணமாக இருந்திருக்கும்.

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்பதை இரண்டு கார்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகிறது. ஒன்று ஹுண்டாய் ஐ10, 1.2 லிட்டர் கப்பா இன்ஜினோடு வந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக். மற்றொன்று மாருதி செலேரியோ, 2014-இல் வந்த ஐந்து கியர் ஏஜிஎஸ். இரண்டிலும் கிளட்ச் பெடல் இல்லை. இரண்டையும் ஆர்டிஓ முதல் செகண்ட் ஹேண்ட் வியாபாரி வரை ‘ஆட்டோமேட்டிக்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பவை வேறு வேறு இனம். ஒன்றில் மந்தத்தைக் கண்டுபிடிக்கும் வழி மற்றொன்றில் செல்லாது. சில இடங்களில் ஆபத்தும்கூட.

ஐ10 2007 அக்டோபரில் அறிமுகமானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பிறந்து உலகமெங்கும் ஏற்றுமதியான வண்டி. கப்பா இன்ஜின் 1197 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 80 குதிரைத்திறன். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால் மற்றொன்று காற்றின் வேகத்தில் சுழலும். இங்கே காற்றுக்குப் பதில் ஏடிஎஃப் என்ற எண்ணெய். நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒரு சக்கரம் இருந்து, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்குவரை பெருக்கித் தருகிறது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள கியர்களை மாற்றுவதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் தட்டுகளே.

செலேரியோவின் ஏஜிஎஸ் என்பது ஏஎம்டி-க்கு, அதாவது தானே கியர் மாற்றும் மேனுவலுக்கு, மாருதி வைத்த பெயர். இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் ஏஎம்டி கார் செலேரியோ. மேனுவலுக்குச் சொன்ன அதே லிட்டருக்கு 23.1 கிமீ மைலேஜை ஆட்டோமேட்டிக்குக்கும் சொல்ல முடிந்ததுதான் அதன் வெற்றி. அது முடிந்ததன் காரணம், உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸே என்பது. அதே உலர்ந்த கிளட்ச் பிளேட், அதே பற்சக்கரங்கள். காலும் கையும் செய்த வேலையை மட்டும் மக்னெட்டி மரெல்லி நிறுவனத்தின் மின்னணு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் செய்கிறது. டிரைவர் கதவைத் திறந்ததும் ‘விர்ர்’ என்று கேட்கும் சத்தம் அந்த ஆக்சுவேட்டரின் பம்ப் அழுத்தம் ஏற்றுவது. இன்ஜின் 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

இந்த இரண்டு அமைப்புக்கும் குணத்திலேயே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் ஐ10, இன்ஜினின் நோயை மறைத்துவிடுகிறது. இறுக்கிப் பிடித்த தட்டு வழியே கடத்தும் செலேரியோ, இன்ஜினின் நோயைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பிழையான தீர்ப்புகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பலவீனமாகி ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று வையுங்கள். ஷெட் மொழியில் ‘மிஸ்ஸிங்’. ஐ10-இல் நான்கில் ஒன்று போகிறது. மிச்சம் மூன்று தரும் சீரற்ற துடிப்பை கன்வெர்ட்டரின் எண்ணெய் உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது ஒரே உணர்வு: மிதிக்கிறேன், வண்டி போகவில்லை. முறுக்குவிசை குறைந்த வண்டியில் மிதியும் கூடுவதால் கியர் அடிக்கடி கீழே இறங்குகிறது, இன்ஜின் வீணாகக் கத்துகிறது. கேட்கிறவர் காதுக்கு இது அப்படியே கியர்பாக்ஸ் வழுக்கல். இன்ஜின் குற்றம் கியர்பாக்ஸ் தலையில் விழுகிறது.

செலேரியோவில் மூன்றில் ஒன்று போகிறது. இழப்பே அதிகம். மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஐட்லிங்கில் இயல்பாகவே ஒரு நடுக்கம் உண்டு; அதில் ஒன்று செத்தால் வண்டி முழுதும் ஆடுகிறது. கிளட்ச் பிளேட் பிடிக்கத் தொடங்கும் நொடியில் அந்த ஆட்டம் நேராகச் சக்கரத்துக்கு இறங்கி, கிளம்பும்போது வண்டி குலுங்குகிறது. தேய்ந்த கிளட்ச் தரும் குலுக்கலும் இதே போலத்தான் இருக்கும். ‘கிளட்ச் பிளேட் மாத்தணும்’ என்று எழுதிவிடுகிறார்கள். கிளட்ச் மாற்றியும் குலுக்கல் நின்றபாடில்லை. இரண்டு வண்டியிலும் பழி கியர் பக்கமே விழுகிறது. ஆனால் விழும் வழி வேறு.

ஆகவே முதல் கேள்வி கியரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இன்ஜின் சக்தியை உண்டாக்கவில்லையா, உண்டான சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா? இதைப் பிரித்துச் சொல்லும் கருவி ஆர்பிஎம் முள். மிதித்ததும் ஆர்பிஎம் சோம்பலாக ஏறி, வேகமும் சோம்பலாகவே ஏறினால் சந்தேகம் இன்ஜின் மேல். ஆர்பிஎம் துள்ளிக்கொண்டு ஏறி, வேகம் பின்தங்கினால் சந்தேகம் கிளட்ச், கியர் மேல். டயலில் ஆர்பிஎம் காட்டாத வகை வண்டியென்றால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகிக் கைபேசியில் பார்க்கலாம்.

ஆனால் அந்த முள்ளைப் படிக்கும் முறையே இரண்டு வண்டிக்கும் வேறு. செலேரியோவில் கிளட்ச் முழுதாகப் பிடித்துவிட்டால், ஒரு கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே முடியாது. கியர் லீவரை மேனுவல் நிலைக்குத் தள்ளி நான்காம் கியரில் 40 கிமீ வேகத்தில் போகும்போது ஆர்பிஎம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 கிமீ வேகத்தில் அதே கியரில் அது சரியாக ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். 40-இல் 1600 என்றால் 60-இல் 2400. அழுத்தி மிதிக்கும்போது 2800 காட்டிவிட்டு, பிறகு மெதுவாக 2400-க்கு இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. கழற்றிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் சின்ன வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஏற்றத்தில், வண்டி நிறைய ஆட்கள் ஏறியிருக்கும்போது, உயர்ந்த கியரில் பார்ப்பது இன்னும் நல்லது. தேய்ந்த கிளட்ச் அங்கேதான் முதலில் கைவிடும்.

இதே கணக்கை ஐ10-இல் போட்டால் நல்ல வண்டியும் தோற்றுப்போகும். கன்வெர்ட்டரின் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளாத, அதாவது லாக்-அப் ஆகாத நிலையில் இன்ஜினுக்கும் கியருக்கும் இடையே எண்ணெய் மட்டுமே இருப்பதால், அழுத்தி மிதித்ததும் ஆர்பிஎம் சில நூறு துள்ளுவது அதன் இயல்பு. வேகம் நிலையாக, மிதி லேசாக, வண்டி நன்றாகச் சூடான பிறகு லாக்-அப் விழும்போது மட்டும் விகிதம் நிலைக்கும். ஒரு வண்டியில் நோய்க்குறியாக இருப்பது மற்றொன்றில் ஆரோக்கியம். ஐ10-இல் பார்க்க வேண்டியவை வேறு. கியர் மாறும் நொடியில், குறிப்பாக இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, ஆர்பிஎம் ஒருமுறை எகிறி விழுகிறதா? நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் பிடிமானம் விழ ஒன்றரை நொடிக்கு மேல் ஆகிறதா? காலையில் சரியாக இருந்து, ஒரு மணி நேரம் ஓடியபின் மோசமாகிறதா? இவை உள்ளே அழுத்தம் குறைவதன், தட்டுகள் தேய்வதன் அடையாளம். எண்ணெய் சூடாகி நீர்த்ததும், கிழடுதட்டிய சீல்கள் வழியே அழுத்தம் கசிகிறது.

டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கென்றே ஒரு பழைய சோதனை உண்டு, ஸ்டால் டெஸ்ட். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, இடது காலால் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தி, டிரைவில் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிப்பது. ஆர்பிஎம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு உடனே காலை எடுப்பது. ஐந்து நொடிக்கு மேல் கூடவே கூடாது. அத்தனை சக்தியும் எண்ணெயைச் சூடாக்குவதில்தான் போகிறது. தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன எல்லையைவிட ஆர்பிஎம் அதிகம் ஏறினால் உள்ளே தட்டுகள் வழுக்குகின்றன. குறைவாக நின்றால் இன்ஜின் பலவீனம், அல்லது கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் கெட்டிருக்கிறது. பின்னதன் குணம் விசித்திரமானது: கிளம்பும்போது வண்டி செத்துக் கிடக்கும், வேகமெடுத்தபின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். முறுக்குவிசையைப் பெருக்கும் வேலை கிளம்பும்போது மட்டுமே நடப்பதால் அப்படி. இந்தச் சோதனையை விவரம் தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டும், வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

செலேரியோவில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டி நின்றபடி பிரேக் அழுத்தியிருக்கும்போது ஏஎம்டி கிளட்சைப் பிரித்தே வைக்கிறது. அந்நிலையில் மிதித்தால் கிடைக்கும் ஆர்பிஎம் எதையும் சொல்லாது. ஏதோ ஒரு காரணத்தால் கிளட்ச் பாதி பிடித்துவிட்டால், ஐந்து நொடியில் எரிந்த வாசனை வரும். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் இருப்பதால் இந்தத் தவறு நடக்கிறது.

கியர் பக்கத்துக் கோளாறுகளைத் தனித்தனியே பார்ப்போம். ஐ10-இல் முதல் சாட்சி ஏடிஎஃப். நல்ல நிலையில் சிவப்பாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். பழுப்பேறி எரிந்த வாசனை வந்தால் தட்டுகளின் உராய்வுப் பூச்சு கரைந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. ஹுண்டாயின் அந்தக் கால நான்கு கியர் பெட்டிகளுக்கு எஸ்பி-3 என்ற வகை எண்ணெய். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சிவப்பு எண்ணெயை ஊற்றினால் உராய்வுக் குணம் மாறி, நல்ல பெட்டியும் வழுக்கும். ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நம்பி ஒரு லட்சம் கிமீ தாண்டியும் ஏடிஎஃப்-ஐத் தொடாத வண்டிகள் ஏராளம். நம் வெயிலிலும் நெரிசலிலும் அது தாங்காது. மாற்றும்போது அழுத்தம் கொடுத்துக் கழுவுவதைவிட, வடித்து நிரப்புவதை இரண்டு மூன்று முறை இடைவெளிவிட்டுச் செய்வதே பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு.

இதே வண்டியில் உரிமையாளரை நன்றாக ஏமாற்றும் இன்னொன்று, ஃபெயில்-சேஃப். ஒரு சென்சாரோ சோலினாய்டோ ஒயரோ கெட்டுவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி பெட்டியை மூன்றாம் கியரிலேயே பூட்டிவிடுகிறது, வீடுவரை போய்ச் சேரட்டும் என்று. மூன்றாம் கியர் நேர் விகிதம். முதல் கியர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெருக்கம். அதாவது கிளம்பும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். சிக்னலில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு மந்தமாகக் கிளம்பி, 50 கிமீ வேகத்தில் சரியாகிவிடும். பெட்டியின் உள்ளே எந்தப் பழுதும் இல்லாமலேயே இது நடக்கும். வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்துப் போட்டதும் சிறிது நேரம் சரியாகி, மறுபடி வந்தால் மின்சாரப் பக்கம் போங்கள். பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

செலேரியோவில் கியர் பக்கம் பெரும்பாலும் கிளட்சும் ஆக்சுவேட்டரும்தான். கிளட்ச் தேய்வது ஓட்டும் முறையைப் பொறுத்தது. மேம்பால ஏற்றத்தில் நெரிசல் நிற்கும்போது, பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஐ10-இல் அது எண்ணெயைச் சூடாக்கும், அவ்வளவுதான். செலேரியோவில் அது கிளட்ச் பிளேட்டை அரைக்கிறது. கிண்டி, கத்திப்பாரா, வடபழனி என்று தினமும் ஊர்ந்து போகும் வண்டியும் திருச்சி புறவழிச்சாலையில் ஓடும் வண்டியும் ஒரே கிமீ ஓடியிருந்தாலும் கிளட்ச் ஒன்றல்ல. பழைய ஏஎம்டி வாங்குகிறவர் ஓடோமீட்டரைவிட, வண்டி எந்த ஊரில் எந்தச் சாலையில் ஓடியது என்று விசாரிப்பது மேல்.

ஆக்சுவேட்டரில் எண்ணெய் குறைந்தாலோ, அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் தளர்ந்தாலோ பம்ப் அடிக்கடி ஓடும். கியர் மாறும் இடைவெளி நீளும். அந்த இடைவெளியில் இன்ஜின் சக்தி துண்டிக்கப்படுவதால் மொத்த வேகமெடுப்பும் மந்தமாகத் தெரியும். ஏஎம்டி-க்குப் பிறவியிலேயே ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தலையாட்டல் உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்பதே கேள்வி. கிளட்ச் மாற்றியபின் ஸ்கேனர் வைத்துப் புதிய பிடிப்புப் புள்ளியைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியைத் தந்துவிட்டால், புது கிளட்சோடும் பழைய மந்தம் தொடரும். பில்லில் ‘கேலிப்ரேஷன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி இரண்டுக்கும் பொதுவானவை. எண்ணிக்கையில் இவைதான் அதிகம், செலவில் இவைதான் குறைவு; ஆனால் கடைசியில் பார்க்கப்படுகின்றன. ஏர் ஃபில்டர் அடைப்பு, த்ராட்டில் பாடியில் கரி, மேப் சென்சாரில் படிந்த அழுக்கு. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்பதை ஓபிடி ரீடரில் பார்த்துவிடலாம். பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் தரைவிரிப்பு பாதி மிதியிலேயே தடுத்துவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. த்ராட்டில் நிலையைச் சொல்லும் சென்சார் பொய் சொன்னால், அதை நம்பி கியர் மாற்றும் இரண்டு வகைக் கணினியும் தவறான நேரத்தில் மாற்றும்.

சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தனியாகப் பேசத் தக்கது. மிஸ்ஸிங்கோடு பல மாதம் ஓட்டிய வண்டியில், எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடுகிறது. பிறகு புகை வெளியேற வழியில்லை. ஐட்லிங் நன்றாக இருக்கும், மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கும். 3000 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல நிற்கும். ஐ10-இல் இதை ‘மேல் கியர் விழவில்லை’ என்று படிக்கிறார்கள், செலேரியோவில் ‘கிளட்ச் பிடிக்கவில்லை’ என்று படிக்கிறார்கள். முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டினால் அரைமணியில் முடிவு தெரியும். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் அடைப்பு உறுதி. பிளக்கைச் சரிசெய்யாமல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்குப் போகும்.

பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பும் வடிகட்டியும் முதுமையில் பலம் இழக்கின்றன. நகரத்துக்குள் போதுமான பெட்ரோல் கிடைக்கும், நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது கிடைக்காது. இன்றைக்கு எல்லாப் பழைய வண்டி மந்தத்துக்கும் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மீது பழி போடுகிறார்கள். 2023-இல் சில பம்புகளில் தொடங்கி 2025-க்குள் நாடெங்கும் வழக்கமான இந்த எரிபொருளில், அதற்கென வடிவமைக்கப்படாத கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. எத்தனால் லிட்டருக்குக் குறைந்த ஆற்றலே தருகிறது. ஆனால் ஆரோக்கியமான ஆக்ஸிஜன் சென்சாரும் இன்ஜெக்டரும் உள்ள வண்டி கூடுதல் எரிபொருள் பாய்ச்சி அதை ஈடுகட்டிக்கொள்ளும், குறைவது மைலேஜ். இழுவையே செத்துப்போனால், ஈடுகட்ட முடியாத அளவுக்கு ஏற்கெனவே ஏதோ பலவீனம் இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பிரேக் இழுவை சாதாரணமாக மறக்கப்படுவது. கேலிப்பர் துருப்பிடித்தோ ஹேண்ட் பிரேக் கேபிள் சிக்கியோ ஒரு சக்கரம் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே ஓடும். கடலோர ஊர்களில் இது அதிகம். சமதளத்தில் 30 கிமீ வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எவ்வளவு தூரம் உருள்கிறது என்று பாருங்கள். பிறகு நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய் எதில் சூடு அதிகம் என்று பாருங்கள்.

வெயில், மலை, ஏசி மூன்றும் நோயல்ல, ஆனால் நோய்போலத் தோன்றும். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி காற்றில் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்தே தீரும். 68 குதிரையில் ஐந்தில் ஒன்று போய், அதில் ஏசி-யும் பங்கு கேட்டால் குன்னூர் வளைவுகளில் செலேரியோ திணறுவது இயற்கை. ஐ10-இன் கன்வெர்ட்டர் அந்த வளைவுகளில் முறுக்குவிசையைப் பெருக்கித் தருவதால் அதே குறை வெளியே தெரிவதில்லை. அதற்கான விலை எண்ணெயின் சூட்டில் கொடுக்கப்படுகிறது.

சென்னையில் பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவருக்கு ஒரு தனி எச்சரிக்கை வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் எண்ணற்றவை. துடைத்து மெருகிட்டு விற்கப்பட்டவையும் உண்டு. ஐ10 வகைப் பெட்டியில் தண்ணீர் புகுந்தால் ஏடிஎஃப் பால் கலந்த இளஞ்சிவப்பாக மாறும். எண்ணெயை மாற்றினாலும், தட்டுகளில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கியிருக்கும். மாதங்கள் கழித்து உரியும். செலேரியோவில் கியர்பாக்ஸும் கிளட்சும் தப்பிவிடலாம்; கனெக்டர்களிலும் ஒயர்களிலும் பச்சை படிந்து ஆக்சுவேட்டருக்கான கட்டளைகள் குழம்பும். மந்தம் வந்து வந்து போகும் வெள்ள வண்டி எந்த ஷெட்டையும் பைத்தியமாக்கிவிடும். அப்படிப்பட்டதை வாங்காமல் விடுவதே ஒரே வழி.

கண்டுபிடிக்கும் கருவியிலும் செலேரியோவுக்கு ஒரு சாதகம். இந்தியாவில் ஓபிடி-2 முறை 2013 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2014-இல் வந்த செலேரியோ அதற்குப் பின் பிறந்தது. சில நூறு ரூபாய் ப்ளூடூத் ரீடரிலேயே மிஸ்ஸிங்குக்கான பிழைக் குறியீடு, எரிபொருள் திருத்த அளவு எல்லாம் கிடைக்கும். 2010-க்கு முந்தைய ஐ10-இல் அந்த ரீடர் பேசாமலும் போகலாம். நல்ல ஸ்கேனர் உள்ள இடம் தேட வேண்டும். கியர் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்க இரண்டுக்குமே மலிவு ரீடர் போதாது.

எது மேல் என்று கேட்டால் என் பதில் இது. மந்தம் வந்தபின் காரணத்தைப் பிடிப்பதும் சரிசெய்வதும் செலேரியோவில் எளிது. விகிதக் கணக்கு கிளட்சைக் காட்டிக்கொடுக்கிறது, கிளட்ச் மாற்றும் வேலை மேனுவல் வண்டிக்குச் செய்வதை ஒத்ததே, செலவும் தாங்கும். ஐ10-இன் பெட்டி மென்மையானது, நெரிசலைப் பொறுத்துக்கொள்வது, ஏடிஎஃப் காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் நீண்டு உழைப்பது. ஆனால் உள்ளே தேய்ந்துவிட்டால் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு, செலவு வண்டியின் விலைக்கே பக்கத்தில் வரும். 2008, 2009 ஐ10-கள் 15 வருடம் தாண்டி, பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகின்றன. அந்த வயதில் பெட்டியைப் பிரிப்பது கடைசி முடிவாகத்தான் இருக்க வேண்டும். பிளக், காற்று, பெட்ரோல் அழுத்தம், புகைவழி, பிரேக், மின்கோடுகள் ஆறும் பார்த்து முடித்த பிறகு.

ஷெட்டில் வண்டியை விடும்போது ‘கியர்பாக்ஸைப் பாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். மந்தம் காலையில் இருக்கிறதா, சூடான பிறகு வருகிறதா. கிளம்பும்போதா, 60-க்கு மேலா. அப்போது ஆர்பிஎம் ஏறுகிறதா, ஏறவில்லையா. ஏசி அணைத்தால் மாறுகிறதா. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி சாவியோடு கொடுங்கள். ஏஎம்டி வண்டியென்றால் அதையும் பெரிதாக மேலே எழுதுங்கள்.